காருக்கு முன்னால் வந்த கொசுறு

விலை பேசுவதில் கெட்டிக்காரர்கள் தூத்துக்குடியில் நிறையப் பேர் உண்டு. என் அத்தை அந்தக் கூட்டத்தில் சேரமாட்டாள். கடைக்காரர் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாள். அப்பாடா என்று அவர் நிம்மதியாக மூச்சு விடுகிற நேரம் பார்த்து, “பெறகு, கூட என்ன தாரீக அண்ணாச்சி?” என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத் தப்பிய கடை எங்கள் கடைத்தெருவில் கிடையாது. ஜவுளிக் கடையில் ஒரு கைக்குட்டை, செருப்புக் கடையில் ஒரு டப்பா பாலிஷ், மீன் வாங்கினால் கை நிறைய நெத்திலி. வாங்கிய பொருளைவிட அந்தக் கொசுறைத்தான் வீட்டுக்கு வந்ததும் முதலில் எடுத்துக் காட்டுவாள்.

அவள் அப்பாவின் தங்கை. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களோடுதான் இருந்தாள். முப்பது தாண்டியும் அவளுக்குக் கலியாணம் ஆகாததைப் பற்றி எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் கவலையோடு பேசுவார்கள். திங்கட்கிழமை காலை அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்பா டாக்டர். பழைய துறைமுகத்துப் பக்கம் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். தன்னை ஏமாற்றியவனுக்கும் நன்றி சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விடுகிற மனுஷர். அதனால் வீட்டுக்கு என்ன வாங்குவதானாலும் அத்தையைத்தான் அனுப்புவார்கள். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பதிவு செய்துவைத்த அம்பாசிடர், நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் கிடைக்கப்போகிறது என்று தகவல் வந்ததும், மோட்டார் கம்பெனிக்குப் போகிற பொறுப்பும் அவளுக்கே வந்தது.

எழுபதுகளில் கார் வாங்கியவர்களுக்குத் தெரியும். காசு கொடுப்பவர் கைகட்டி நிற்க வேண்டும். காரை விற்பவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வருஷக்கணக்கில் காத்திருந்து, கிடைத்த நிறத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டும். அங்கே போய்க் கொசுறு கேட்பதா என்று அப்பா பதறினார். “கேட்டா அடிக்கவா போறாக?” என்றாள் அத்தை.

எனக்கும் அந்தக் காரில் ஒரு பெரிய காரியம் ஆகவேண்டியிருந்தது. அடுத்த தெரு உப்பள முதலாளி வீட்டுக் காரில் ரேடியோ இருந்தது. சாயங்காலம் அது எங்கள் தெருவைத் தாண்டும்போது சிலோன் பாட்டு இரண்டு வரி கேட்கும். மூன்றாவது வரிக்குள் கார் திரும்பிவிடும். அந்த மூன்றாவது வரிக்காக நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தையிடம் என் விண்ணப்பத்தைப் போட்டுவைத்தேன். “எடுத்த எடுப்புல ரேடியோ கேட்டா வெரட்டி விட்டுருவாக. சின்னதுல இருந்து போவோம்,” என்றாள். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

கலியாணமாகாத பெண் தனியாகப் போகக்கூடாது என்பதற்காக அம்மா என்னையும் துணைக்கு அனுப்பினாள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ரிக்‌ஷாவில் பாளையங்கோட்டை ரோட்டுக் கம்பெனிக்குப் போனோம். அங்கே விற்பனையைக் கவனித்துக்கொண்டவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் மாதா பதக்கம். எங்களை உட்காரச் சொன்னார். அதுவே அதிசயம். அத்தை அவர் கொடுத்த காகிதங்களையெல்லாம் படித்துச் சரிபார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“பெறகு, கூட என்ன தாரீக சார்?”

அவருக்குப் புரியவில்லை. இந்தக் கேள்வியை அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். “காரு தாரோம் டீச்சர்,” என்றார்.

“அதான் காசு கொடுத்து வாங்குதோமே. கொசுறு என்ன?”

அவர் சிரித்துவிட்டார். “எங்க ஊரு கீழவைப்பாரு. தாத்தா காலத்துல முத்துக் குளிச்ச சிப்பிய மூடினபடியே ஏலத்துல எடுப்பாக. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்குதவனுக்கும் தெரியாது, விக்கிறவனுக்கும் தெரியாது.”

“அதுக்குக் கொசுறு உண்டுமா?”

“ரெண்டு சிப்பி கூடப் போடச் சொல்லிக் கேப்பாகளாம்.”

“போடுவாகளா?”

“ஆளப் பொறுத்து,” என்றார் அவர். அன்றைக்குக் காரின் தரைக்குப் போடும் ரப்பர் விரிப்பு இரண்டு எங்களோடு ரிக்‌ஷாவில் வந்தது. கார் மட்டும் இன்னும் மதராஸை விட்டுக் கிளம்பவில்லை.

அப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. அந்தக் கம்பெனியில் தேங்காய் நார்கூடச் சும்மா தரமாட்டார்களே என்று விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை கார் எப்போது வருமென்று விசாரிக்கப் போனோம். கார் வரவில்லை, பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று வந்தது. அதற்கடுத்த வாரமும் விசாரித்தோம். இப்படியாகக் கார் வருவதற்கு முன்னாலேயே அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன. நான் ரப்பர் விரிப்புகளை முன்னறையில் போட்டு, அவற்றின் மேல் நாற்காலிகளை வைத்து, கண்ணாடியைச் சன்னல் கம்பியில் கட்டி, தினமும் திருச்செந்தூர்வரை ஓட்டிவிட்டு வருவேன். என் காரில் இல்லாதது ரேடியோ ஒன்றுதான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பேச்சு நீண்டுகொண்டே போனது. சன்னலுக்குத் திரை வேண்டும் என்று அத்தை ஆரம்பிப்பாள். திரை எதற்கு என்று அவர் கேட்பார். பிறகு திரையை விட்டுவிட்டு உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிப்பது, அத்தையின் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகள், அவர் அம்மா வைக்கும் மீன் குழம்பு என்று எங்கெங்கோ சுற்றுவார்கள். எனக்குக் கொட்டாவி வரும். கலர் சோடா ஒன்று வாங்கிக் கொடுத்து என்னை உட்காரவைத்திருப்பார்கள். பச்சைக் கலர் குடித்து முடிப்பதற்குள் ரேடியோ பேச்சை எடுக்கமாட்டார்களா என்று நான் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சேலை கட்டுகிறோம் என்றே பார்க்காத அத்தை, சனிக்கிழமைகளில் மட்டும் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிப்பாள்.

திரை கிடைத்த அன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஸ்டோரில் இருக்கிற வயதான அண்ணாச்சி திரைத்துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சார், இதயும் உங்க பேர்லயே எழுதிரவா? சம்பளத்துல பிடிக்கணும்லா,” என்று கேட்டார். கம்பெனி சார் முகம் சிவந்து, “போங்க அண்ணாச்சி, பெறகு பாப்போம்,” என்றார். துணியின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்த அத்தை அப்படியே வைத்துவிட்டாள். திரும்பி வருகிற வழியில் நான் ரேடியோவை ஞாபகப்படுத்தினேன். “சும்மா வாளா,” என்றாள்.

அதற்குப் பிறகு அத்தையின் கொசுறு ஒரேயடியாகச் சுருங்கிவிட்டது. வண்டி துடைக்கிற மஞ்சள் துணி கேட்டாள். அடுத்த வாரம் ஒரு சாவி வளையம். இன்னொரு வாரம், பாதி வருடம் முடிந்துபோன காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். இப்படிக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ரேடியோவுக்கு எப்போது போய்ச் சேருவது என்று எனக்கு அழுகையே வந்தது. கேட்கத் தெரிந்தவள் என்று பேர் வாங்கியவளுக்கு என்ன ஆயிற்று என்று புரியவில்லை.

காலண்டர் வாங்கிய அன்று அவர், “மாதா கோயில் திருவிழா வருது. பாப்பாவக் கூட்டிட்டு வாங்க டீச்சர். ராட்டினமெல்லாம் போட்டிருக்கு,” என்றார்.

“நாங்க சி.எஸ்.ஐ. சார்.”

“ராட்டினத்துக்கு என்ன ஆர்.சி., சி.எஸ்.ஐ.?”

அவர் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டண்ட்; மாதா கோயில் பக்கம் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் அத்தை வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு ராட்டினம் என்ற சொல்லே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சீலா மீன் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு கூப்பிட்டா?”

“கம்பெனி சார். கழுத்துல மாதா போட்டிருப்பாருல்லா, அவரு.”

அம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே அத்தையிடம், “ஏளா, ரப்பரும் துணியும் வாங்குனது போதும். அவுக வேதம் வேற, நம்ம வேதம் வேற. உங்க அண்ணன் காதுக்குப் போனா மனசு கஷ்டப்படுவாக. இனி காரு வந்தா அவுகளே போய்ப் பாத்துக்கிடட்டும்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அத்தை சண்டை போட்டிருப்பாளோ என்னவோ. “சரி மதினி,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நான் முன்னறையில் காரை எடுத்தேன். அத்தை வந்து பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என் காரில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. பெருமையாக, “எங்க போகணும் அத்தை?” என்று கேட்டேன்.

“எங்கயும் வேண்டாம். சும்மா ஓட்டு,” என்றாள். நான் வாயாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு வெகு நேரம் ஓட்டினேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகக் கார் வந்துவிட்டதென்று கம்பெனி ஆள் வந்து சொன்னார். அப்பாவுக்குக் காகிதங்களில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்பது தெரியாது. “நீ வராம முடியாது, கெளம்பு,” என்று அத்தையையும் கூப்பிட்டார். திருவிழாப் பேச்சோ அம்மா தடுத்ததோ அவருக்கு எதுவும் தெரியாது. அம்மா அத்தையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் கேட்காமலே ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன்.

கம்பெனி முற்றத்தில் வெள்ளை அம்பாசிடர் வெயிலில் நின்றது. அப்பா உள்ளே முதலாளியின் அறைக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் காரின் பக்கத்தில் நின்றோம். கம்பெனி சார் மஞ்சள் துணியால் ஏற்கெனவே துடைத்திருந்த கதவை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் போகாமலே மாதா கோயில் திருவிழா முடிந்துபோயிருந்தது.

துடைத்துக்கொண்டே, “வேற என்ன வேணும் டீச்சர்? கேளுங்க. வண்டி வெளிய போயிட்டா அப்புறம் கேக்க முடியாது,” என்றார்.

“கேக்கக்கூடியத எல்லாம் கேட்டாச்சு சார்,” என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்து, பச்சைக் கலர் குடித்து, கொட்டாவி விட்டு நான் காத்திருந்தது இதற்காகவா? அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

“இல்ல அத்தை. ஒண்ணு மட்டும் நீ கேக்கவே இல்ல.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்கள் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது. பரீட்சை முடிவு படிக்கும்போது பிள்ளைகள் டீச்சரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அத்தையின் உதடு லேசாகத் திறந்திருந்தது. என்னைத் தடுக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் குனிந்து, மிகவும் மெதுவாக, “நீயாவது கேளு பாப்பா,” என்றார்.

“ரேடியோ,” என்றேன்.

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு அத்தை சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. “ரேடியோ என் கையில இல்ல பாப்பா. கையில இருந்ததெல்லாம் தந்துட்டேன்,” என்றார் அவர். அதற்குள் அப்பா சாவியோடு வந்துவிட்டார். சாருக்கு வழக்கம்போல நன்றி சொன்னார். எங்களைக் கொண்டுவந்து விடுவதற்காகக் கம்பெனி டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கார் வாசலைத் தாண்டித் திரும்பும்வரை சார் வெயிலில் நின்றிருந்தார்.

எனக்கு ஒரே கோபம். ரேடியோ கேட்டதில் இப்படிச் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? வீடு வருகிறவரை அத்தையோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. புதுக் காரில் முதல் தடவை போகிறபோது எல்லோரும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு போவார்கள் போலிருக்கிறது என்று அப்பா நினைத்திருப்பார்.

அடுத்த வருடம் அத்தைக்குச் சாத்தான்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல மனிதர், நம்ம சபை, பள்ளிக்கூடத்தில் வேலை. கலியாணத்தன்று அதே காரில்தான் கோயிலுக்குப் போனாள். மாமா அவளை நன்றாகத்தான் வைத்திருந்தார். எனக்கு அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் அந்த முற்றத்தில் என்னைப் பார்த்த அந்த இரண்டு முகங்கள் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர்களால் கேட்டுக்கொள்ள முடியாத ஒன்றை, விவரம் தெரியாத ஒரு பிள்ளை வாய்தவறிக் கேட்டுவிடாதா என்று இரண்டு பெரிய மனுஷர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ரேடியோவை விட்டுவிட்டு, “இந்தக் காரோட நீங்களும் எங்க வீட்டுக்கு வந்துருங்க சார்,” என்று கேட்டிருப்பேன். வந்திருக்கமாட்டார்தான். ஆனால் யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.