ஆரோக்கியம்மாள் அவித்த துணி

ஆரோக்கியம்மாள் கையில் சிக்கிய துணி தப்பித்ததாகச் சரித்திரமே கிடையாது. பேத்தி டோரீனின் புதுப் பட்டுப் பாவாடையைக்கூடக் கொதிதண்ணீரில் முக்கிச் சாயம் போக்கிவிட்டு, "கிருமி செத்துச்சில்ல?" என்று நியாயம் பேசியவர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் தொட்டிலில் வந்ததல்ல, மலாயாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வந்தது.

துரைமார் காலத்தில் அங்கே அவர் ஆயா. படுக்கை விரிப்பார், புண் கழுவுவார், கட்டுப் போடுவார். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடினார், மருந்து கொடுக்கும் டிரசரும் பின்னாலேயே போனார். மிஞ்சியது ஆரோக்கியம்மாளும் புண்களும்தான். மருந்தில்லை, சோப்பில்லை, அரிசியில்லை. மரவள்ளிக்கிழங்கே தின்ற உடம்பில் சின்னக் கீறல்கூட எலும்பு வரை அரித்தது. அவரிடம் இருந்ததோ உப்பும் கொதிதண்ணீரும். பழைய கைலிகளைக் கிழித்துக் கட்டுத்துணி செய்தார். தினமும் காலையில் சாம்பல் போட்டு அவித்து, பனி விலகும் முன்பே கொடியில் காயப்போட்டார். அதைக் கொண்டே பல கால்களை ஆற்றினார்.

இருளப்பனின் காலும் அவற்றில் ஒன்று. தேயிலைச் செடியின் கிளையைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டு முழங்காலுக்குக் கீழே பிளந்த புண், நன்றாக ஆறி வந்தது. அதுவே அவன் மனைவி மணியம்மாவுக்குப் பயமாகிவிட்டது. வாயும் வயிறுமாக வந்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆத்திடாதீங்கக்கா. நடக்கிற ஆம்பளைய எல்லாம் சயாமுக்கு ரயில் ரோடு போட லோரில ஏத்துறானுங்க. போனவன் ஒருத்தனும் திரும்பல."

"புண்ண வளக்கவாடி நான் இங்க இருக்கேன்? போடி அங்கிட்டு!"

கத்தினாரே தவிர, அன்று அவருக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தார். மூலைப் படுக்கையில் கிடந்த ராமையா கிழவரின் புண்ணிலிருந்து சீழ் ஊறிய துணியைக் கழற்றி, அவிக்காமல் எடுத்துக்கொண்டார். இருளப்பன் காலில் முதலில் சுத்தமான துணி, அதன்மேல் வாழையிலை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த நாற்றத் துணி. ஆள் பிடிக்க வரும் ஜப்பான் அதிகாரி அந்த வாடைக்கே கிட்ட வரமாட்டான். காலைக் கழுவும்போது மட்டும் அதைக் கழற்றித் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். ஆயுளில் அவர் தெரிந்தே அழுக்காக விட்டுவைத்த துணி அது ஒன்றுதான். தொடும்போதெல்லாம் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

பழக்கம் பொல்லாதது. ஒரு காலை, ஜெபம் சொல்லிக்கொண்டே எல்லாத் துணியையும் அண்டாவில் கொட்டியவர், அந்தத் தகரத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார். வளைவில் லோரி ஏறும் சத்தம் கேட்டபோதுதான் அது அவருக்கு உறைத்தது. வெளியே கொடியில் எல்லாத் துணியும் ஒரே வெள்ளையாகத் தொங்கியது. உள்ளே இருளப்பன் கழுவிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புதுத்தோல் பளபளத்தது.

"என்னோடத அவுத்துக்க லா, ஆயா," என்றார் ராமையா.

சுத்தத் துணிக்கும் வாழையிலைக்கும் நேரமில்லை. லோரி வாசலில் நின்றுவிட்டது. கிழவரின் கட்டை அவிழ்த்து, அந்த ஈரம் காயாமல் அப்படியே இருளப்பனின் தோலில் சுற்றினார்.

உள்ளே வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனான். அடுத்த படுக்கையில், காய்ச்சல் விட்டுத் தெம்பாக எழுந்து உட்கார்ந்திருந்த செல்லையாவைக் கைகாட்டினான். அவனைத் தேற்றி உட்காரவைத்ததும் ஆரோக்கியம்மாள்தான். செல்லையா திரும்பி வரவேயில்லை.

அன்று அதிகாரி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சாய்ந்து உட்கார்ந்து, மத்தியானம் வரை நகரவில்லை. அவன் கண்முன்னே ஆயாவால் அந்தக் கட்டைத் தொட முடியவில்லை. அவன் போன பிறகு அவிழ்த்தபோது இருளப்பனின் தோல் சிவந்து கொதித்தது. பழைய புண் திரும்பியது, இந்த முறை எலும்பைத் தொட்டது. ஜப்பான்காரன் மலையைவிட்டு இறங்கும்வரை அவர் அதைக் கழுவிக்கொண்டேயிருந்தார். கால் தங்கியது, ஆனால் இழுத்துத்தான் நடந்தான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க ஆயாம்மா," என்பான் இருளப்பன். அவரால்தான் விட முடியவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகளோடு அவன் படியேறி வரும்போது, "நேரா நடடா!" என்று அதட்டுவார். அதட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அவர் இறந்தபோது பெட்டியைத் தூக்க இருளப்பனும் தோள் கொடுத்தான். தலைமாட்டில் அவன் பக்கம் அடிக்கு அடி தாழ்ந்தது. பேரன் சிரில், "தாத்தா, விலகிக்குங்க, சாயுது," என்று கெஞ்சினான்.

இருளப்பன் பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "நேராத்தான் நடக்கிறேன், ஆயாம்மா," என்றான்.

கல்லறை வரைக்கும் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தபடியே போனது.