மறியல்வீட்டிலை கேட்ட ஒரு 'பேந்து'

பேய் பிசாசு எண்டு ஆரும் கதைச்சால் எனக்குப் பயம் வாறேல்லை, கோவம்தான் வரும். இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு நீங்கள் என்னை விசரி எண்டு நினைக்கக் கூடாது. எங்கடை சனம் செத்த சாவுக்கு, பேய் எண்டொண்டு உண்மையிலை இருந்தால் வன்னியிலை கால் வைக்க இடம் இருக்காது. ஒண்டும் வரேல்லை. என்ரை தம்பி வரேல்லை, கனவிலை கூட ஒருக்கா எட்டிப் பாக்கேல்லை. பிறகென்ன பேய்?

என்ரை மனுசனுக்கு இதுதான் பைத்தியம். துறைமுகத்திலை லொறி ஓடுறவர், பெட்டி ஏத்துறதுக்கு வரிசையிலை நிக்கிற நேரமெல்லாம் போனிலை பேய் வீடியோதான். மற்றச் சனம் லீவுக்கு நயாகரா போகும், ரொறொன்ரோவிலை கலியாணத்துக்குப் போகும், நாங்கள் அமெரிக்காவிலை பேய் இருக்கிற இடங்களாத் தேடித் தேடிப் போவம். வேர்மொண்டிலை ஒரு மரப்பாலம், மேரிலாண்டிலை ஒரு விடுதி, லூசியானாவிலை ஆரோ ஒரு சீமாட்டி தூக்குப் போட்ட மாளிகை. விடுதியிலை பேய் வரேல்லை, மூட்டைப்பூச்சிதான் வந்தது. ஒவ்வொரு இடத்திலையும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, இஞ்சைதான் அவ செத்தவ, இஞ்சைதான் அவவின்ரை ஆவி அழும் எண்டு சொல்லும், சனம் ஆவெண்டு கேக்கும். ஒரு சாவு, ஒரேயொரு சாவு, அதுக்கு ரிக்கெற், அதுக்கு ரீசேட். எனக்கு வயிறு எரியும். நான் வாசல்லை ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு நிப்பன்.

தம்பியைப் பற்றிச் சொல்லவேணும். பேர் ரூபன். ஆனால் வீட்டிலை ஒருத்தரும் அந்தப் பேர் சொல்லிறேல்லை, 'பேந்து' எண்டுதான் கூப்பிடுறது. ஏனெண்டால் அவன் எதுக்கும் சொல்லுறது அந்த ஒரு சொல்லுத்தான், 'பிறகு' எண்டதை எங்கடை பக்கத்திலை அப்பிடித்தான் சொல்லுறது. குளியடா எண்டால் பேந்து, படியடா எண்டால் பேந்து, கடைக்குப் போட்டு வாடா எண்டால் பேந்து. அதுவும் சும்மா சொல்ல மாட்டான், படுத்துக் கிடந்துகொண்டு 'பே'யை ஒரு முழத்துக்கு இழுத்து, 'ந்து'வைத் தொப்பெண்டு கீழை போடுவான். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே அகப்பைக் காம்பு கையிலை வந்திடும். நான் இஞ்சை மொன்றியலுக்கு வந்தாப் பிறகு, கடைசிச் சண்டை நேரம், எங்கையோ ஒரு ரெலிபோன் நிலையத்திலை வரிசையிலை நிண்டு எடுத்தவன். ஒரே இரைச்சல், பாதி விளங்கேல்லை. "சாப்பிட்டியோடா" எண்டு கேட்டன். ஒண்டும் சொல்லேல்லை. "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடடா, எப்பிடியும் வெளிக்கிடு" எண்டு கத்தினன். பேந்து எடுக்கிறன் அக்கா எண்டவன், லைன் அறுந்திட்டுது.

அவ்வளவுதான். அம்மா வந்தா. அவன் வரேல்லை. ஆஸ்பத்திரி, முகாம், மறியல், படத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத படி இல்லை. அம்மாவை நான் ஸ்பொன்சர் பண்ணி இஞ்சை கூப்பிட்டு, இப்ப எங்களோடை பியர்பொன்ட்ஸிலைதான் இருக்கிறா. அண்டையிலை இருந்து எங்கடை வீட்டிலை அந்தச் சொல்லை ஒருத்தரும் வாயிலை எடுக்கிறேல்லை. ஆரும் தடுக்கேல்லை, தானா நிண்டு போச்சு. இப்பவும் பாருங்கோ, நான் 'பிறகு, பிறகு' எண்டுதான் கதைப்பன்.

அவனுக்கு நாங்கள் ஒரு கிரியையும் செய்யேல்லை. அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. கோயில் ஐயர் ஒருக்கா எந்தத் திதி எண்டு கேட்டார், எனக்கு வந்த கோவத்துக்கு, அது தெரிஞ்சால் நான் ஏன் ஐயா இப்பிடி அலையிறன் எண்டு முகத்துக்கு நேரை கேட்டுப்போட்டன். அம்மாவோ, உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத்தண்ணி இறைக்கச் சொல்லுறியோ எண்டு ஒப்பாரி வைப்பா. நான் விடேல்லை. எனக்குக் களைச்சுப் போச்சு. ஒவ்வொரு முறையும் தெரியாத நம்பரிலை போன் அடிக்கேக்கை அம்மா கையைத் துடைச்சுக்கொண்டு ஓடி வாறதைப் பாக்க எனக்கு ஏலாது. முடிச்சு விடுவம் அம்மா, அவனும் நிம்மதியாப் போகட்டும் எண்டு வருசக் கணக்காக் கெஞ்சி, சண்டை பிடிச்சு, கதைக்காமல் விட்டு, போன கோடையிலைதான் ஓமெண்டா. ஆடி அமாவாசைக்கு மோட்ச அருச்சனை, என்ரை மனுசன் தர்ப்பை போடுறது எண்டு முடிவு. அம்மா ஐயருக்குக் குடுக்க ஒரு வேட்டி வாங்கி மேசையிலை வைச்சா. வைச்ச நாள் தொடங்கி என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

அதுக்கு முதல் கிழமைதான் இந்தப் பயணம். கியூபெக்கிலை கட்டிட வேலைக்காரர் லீவெண்டால் ஊரே காலியாகும், எங்கடை ஆளும் காரை எடுத்திட்டார். பென்சில்வேனியாப் பக்கம் ஒரு பழைய மறியல்வீடு, அதுதான் ஜெயில், இப்ப மறியல்காரர் இல்லை, பேய் பாக்கிற சனம்தான். நல்ல மத்தியான வெயில், நடுச்சாமம் கிடுச்சாமம் எண்டு நினைச்சுப்போடாதையுங்கோ. நான் வழமை போல வாசல்லை நிண்டிருப்பன், ஆனால் வெளியிலை வெக்கை தாங்கேல்லை, உள்ளுக்கை குளிர்ச்சியா இருக்கும் எண்டு போனனான். விதி எண்டுறது இதுதான்.

உள்ளுக்கை வரிசையாச் சின்னச் சின்ன அறையள், இரும்புக் கட்டில், சுவரெல்லாம் சுண்ணாம்பு உரிஞ்சு கிடக்கு. கூட்டிக்கொண்டு போன பிள்ளை ஒரு அறையிலை எங்களை நிப்பாட்டி, ரேடியோ மாதிரி ஒரு சின்னப் பெட்டியைக் கட்டில்லை வைச்சது. அது ஒரு ஸ்டேசனிலையும் நிக்காதாம், ஓடிக்கொண்டே இருக்குமாம், அந்த இரைச்சலுக்குள்ளாலை ஆவியள் கதைக்குமாம். விருப்பமான ஆக்கள் கேள்வி கேளுங்கோ எண்டது. ஒருத்தன் உன்ரை பேர் என்ன எண்டான், ஒருத்தி நீ என்ன குற்றம் செய்தனி எண்டாள். சும்மா இரைச்சல்தான்.

எனக்கு அந்த இரைச்சலைத் தெரியும். அது அண்டைக்குப் போனிலை கேட்ட அதே இரைச்சல். இவர் பக்கத்திலை நிண்டு, "இஞ்சரப்பா, நீயும் ஒண்டு கேளன்" எண்டு முழங்கையாலை இடிச்சார். அவர் பகிடியாத்தான் சொன்னவர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரோ ஊர் பேர் தெரியாத கள்ளன் செத்ததுக்கு இத்தினை பேர் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம், என்ரை தம்பிக்கு ஒரு திதி இல்லை. அந்தக் கோவத்திலை, உரத்து, தமிழிலை கேட்டன்.

"டேய், நீ இருக்கிறியோ, இல்லையோ? ஒண்டைச் சொல்லித் துலையன்ரா!"

பெட்டி தன்ரை பாட்டிலை இரைஞ்சுகொண்டு கிடந்தது. பிறகு வந்தது.

"பே...ந்து."

நம்பினால் நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ. அதே இழுவை. 'பே' ஒரு முழம், 'ந்து' தொப்பெண்டு கீழை. அவன் அந்தக் கட்டில்லை படுத்துக் கிடந்து சொன்ன மாதிரி.

எல்லாரும் கத்தினவை. கூட்டிக்கொண்டு போன பிள்ளை துள்ளிக் குதிச்சுது. "பெயின்! பெயின் எண்டு சொல்லுது! வலிக்குதாம்!" எண்டு இங்கிலீசிலை சந்தோசப்படுது, அதின்ரை வாழ்க்கையிலை இவ்வளவு தெளிவாக் கேட்டதே இல்லையாம். எங்களை மாதிரி மொன்றியலிலை இருந்து வந்த ஒரு கிழட்டுப் பிரெஞ்சுக்காரச் சோடியும் நிண்டது, அந்த மனுசி என்ரை கையைப் பிடிச்சு, இல்லை இல்லை, அது பிரெஞ்சு, பாண் கேக்குது, ரொட்டித்துண்டு, பாவம் பசிக்குது போல எண்டா. பிரெஞ்சிலை பாணை அவை மூக்காலை 'பேன்' எண்டுதானே சொல்லுவினம். அவ கண் கலங்கிப் போனா. ஒருத்திக்கு வலி, ஒருத்திக்குப் பாண். ரெண்டும் அவனுக்குப் பொருந்தும்தானே, அந்த நாளிலை அவனுக்கு வலியும் பசியும்தானே இருந்திருக்கும். சாப்பிட்டியோடா எண்டு கேட்டதுக்கு அவன் பதில் சொல்லேல்லை எண்டு சொன்னனான், இல்லையே? அந்த ஊத்தைச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதன்.

இவர் காருக்குள்ளை வந்து, "என்னப்பா, பயந்திட்டியோ" எண்டு கேட்டார். "உங்களுக்கு என்ன கேட்டது?" எண்டன். "ஏதோ சத்தம், பெயின் எண்ட மாதிரித்தான்" எண்டார். அவர் மட்டக்களப்பு, அவரின்ரை வாயிலை அந்தச் சொல்லு இல்லை, தம்பியையும் ஒரு நாளும் கண்டதில்லை. அவர் போனிலை பதிஞ்சு வைச்சிருந்தவர், போட்டுக் கேட்டம். என்ரை கேள்வி கிடக்கு, அந்தப் பிள்ளை கத்தினது கிடக்கு. நடுவிலை வெறும் இரைச்சல்.

வீட்டுக்கு வாற வழி முழுக்க ஒரே யோசினை. அம்மாவுக்குச் சொல்லுறதோ விடுறதோ? சொன்னால், பேய்ப் பெட்டியிலை வந்தவன் செத்தவன்தானே, அவவை நானே சாகடிச்சது மாதிரி. இல்லாட்டி, பாத்தியே, என்ரை பிள்ளை கதைச்சிட்டான் எண்டு இன்னும் இருபது வருசம் போனுக்கு ஓடுவா. சனியன் பிடிச்சவன், கேட்ட கேள்விக்கு ஓமெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை. அக்கா கேட்டாலும் அதே சொல்லு, அதே சோம்பேறிப் பஞ்சி. அப்பிடி ஒரு கோவம் வந்தது அவனிலை. ஒண்டும் நடக்கேல்லை, காது மயக்கம், அமாவாசைக்கு முடிக்கிறதுதான் எண்டு மனதைக் கல்லாக்கிக்கொண்டன். அம்மாவுக்குச் சொல்லேல்லை. மனுசனுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை.

நான் புவாண்ட்-கிளேரிலை ஒரு சாமான் குடோனிலை பெட்டி கட்டுற வேலை. திங்கக்கிழமை சாப்பாட்டு நேரம் கார் நிப்பாட்டுற இடத்துக்கு வந்து, காருக்குள்ளை ஏறிக் கதவைச் சாத்திப்போட்டு ஐயருக்குப் போன் எடுத்தன். தனிய, ரேடியோவும் போடேல்லை, கண்ணாடியும் ஏத்தித்தான் கிடந்தது. எங்கடை ஐயர் யாழ்ப்பாணத்தார், வயசாளி, நல்ல மனுசன்.

"ஐயா, அமாவாசைக்குத் தம்பியின்ரை விசயம். வாறம் எண்டு உறுதியாச் சொல்லத்தான் எடுத்தனான்."

"நல்லது தங்கச்சி. பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ."

"ரூபன், பூராடம்" எண்டன்.

லைன் அறுந்திட்டுதோ எண்டு ஹலோ ஹலோ எண்டன்.

"இல்லை, நிக்கிறன் தங்கச்சி. ஆர் உங்கை பக்கத்திலை நிண்டு பேந்து, பேந்து எண்டுறது? வீட்டிலை எல்லாருக்கும் சம்மதம் இல்லைப் போலை. இது அவசரப்பட்டுச் செய்யிற காரியம் இல்லை. அந்தத் தம்பியோடை முதல் ஒருக்காக் கதைச்சு முடிவெடுத்துப்போட்டு எனக்கு எடுங்கோவன்."

போனை வைச்சுப்போட்டு எவ்வளவு நேரம் காருக்குள்ளை இருந்தனெண்டு எனக்குத் தெரியாது, சூப்பவைசர் வந்து கண்ணாடியிலை தட்டின பிறகுதான் இறங்கினன். அண்டைக்கு வீட்டை போய், அம்மா, அமாவாசைக்கு இல்லை எண்டு மட்டும்தான் சொன்னன். அம்மா கையைத் துடைச்சுக்கொண்டு எழும்பினா. அந்த வேட்டியை எடுத்து, மடிப்புக் குலையாமல் அலுமாரியிலை வைச்சா, வைச்சுப்போட்டு எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தா.

ஐயர் கோயில்லை காணுற நேரமெல்லாம், "என்ன தங்கச்சி, அந்தத் தம்பியோடை கதைச்சனீங்களோ?" எண்டு கேக்கிறார். நான் ஆரோடை போய்க் கதைக்கிறது, நீங்களே சொல்லுங்கோ பாப்பம்?