நார்பர்ட் பிடித்த மான் திருடன்

விஸ்கான்சினில் மான் வேட்டைக் காலம் தொடங்கினால் நார்பர்ட்டுக்குச் சோறு தண்ணீர் இறங்காது. நாற்பது ஏக்கர் காடு அவருடையது; யாராவது நுழைந்து மானைச் சுட்டுக்கொண்டு போய்விடுவார்களோ என்று கவலை. மரத்துக்கு மரம் 'உள்ளே வராதே' என்று பலகை அடித்தும் சந்தேகம் தீராமல், ஆள் நடமாடினால் தானே படம் எடுக்கும் கேமரா ஒன்றையும் கட்டிவைத்தார்.

மூன்றாம் நாளே அதில் ஒருவன் சிக்கினான். வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுக் கோட்டும் முதுகும் மட்டும்தான் தெரிந்தன. நார்பர்ட் அந்தப் படத்தை ஊர் உணவகத்துச் சுவரில் ஒட்டி, 'மான் திருடன், தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று எழுதினார். ஒரு வாரம் ஊரே காபியும் கையுமாக அதைப் பார்த்துச் சிரித்ததே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அத்தனை பேரும் கூட்டுக் களவாணிங்க!" என்று புலம்பி, மனைவி வெர்னாவை உணவகத்துக்குக் கூட்டிவந்து படத்தைக் காட்டினார்.

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது எங்கண்ணன் கோட்டுல்ல? மனுஷ வாடையை மான் மோப்பம் பிடிச்சிடும்னு உன் கோட்டை வெளிய பைன் மரத்துல காயப்போட்டியே, அன்னைக்கு இதை மாட்டிக்கிட்டு எங்க போன?"

"கேமரா சரியா இருக்கான்னு பாக்க..." என்று இழுத்தார் நார்பர்ட்.

"திருடன் கிடைச்சிட்டான்ல? வீட்டுக்கு அனுப்பிவை. விறகு பிளக்க ஆள் இல்ல."