அடித்த பந்தின் பின்னால்

முட்டை அட்டையில் பந்துகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார் மோகன்குமார். கோல்ஃப் பந்துகள். அட்டைக் குழிகளில் அவை கச்சிதமாக உட்கார்ந்துகொள்கின்றன. மற்ற ஊர்களில் வாளியில் போட்டுக் கொடுப்பார்களாம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் திடலில் எல்லாம் அட்டைக் கணக்கு. "முழு அட்டையா, அரை அட்டையா சாமி?" என்று கேட்டுவிட்டு, உடைந்துவிடுமோ என்று பயந்தவர்போல இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்கிறார். காலமெல்லாம் கோழிப்பண்ணை நடத்திய கை வேறு எப்படிக் கொடுக்கும்?

பண்ணை இன்னும் இருக்கிறது. அதன் பின்னால் சோளம் விளைந்துகொண்டிருந்த நீளமான காட்டைத்தான் கோல்ஃப் அடித்துப் பழகும் திடலாக மாற்றியிருக்கிறார். ஒரு முனையில் தகரக் கூரை, அதன் கீழே பச்சைப் பாய்கள். பாயில் நின்றபடி காட்டுக்குள் பந்தை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். புல் கொஞ்சம், கோரை நிறைய. வேட்டி சட்டையோடு இடது கையில் மட்டும் வெள்ளை உறை மாட்டி நின்றவரை முதலில் பார்த்தபோது, பாவம், கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். மட்டை வழுக்காமல் இருக்க மாட்டுவதாம்.

ஆசை தாய்லாந்தில் தொற்றியது. தீவனக் கம்பெனிக்காரர்கள் பண்ணையாளர்களைச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். எல்லோரும் கடைவீதிக்குப் போன காலையில் இவர் வண்டி மாறி ஏறி, ஒரு கோல்ஃப் மைதானத்தில் போய் இறங்கிவிட்டார். தனியாக வருகிறவர்களை ஜோடி சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். இவருக்கு வாய்த்தவர் ஒரு ஜப்பானியப் பெரியவர்.

"அவரு பாஷை எனக்குத் தெரியாதுங்க, என்ற பாஷை அவருக்குத் தெரியாது. நான் அடிக்கற வரைக்கும் அவரு நிப்பாரு. அவரு அடிக்கற வரைக்கும் நான் நிப்பேன். அப்பறம் ரெண்டு பேரும் சேந்து நடப்பமுங்க. வெயில் ஏறுற வரைக்கும் நடந்தமுங்க. முட்டை வெலை என்னன்னு ஒருத்தரும் கேக்கலீங்க."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. நாமக்கல் பக்கம் வாழாதவர்களுக்கு அதன் அருமை புரியாது. இங்கே கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், உட்கார்ந்ததும் வருகிற முதல் விசாரிப்பு முட்டை விலைதான். மோகன்குமார் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே நரைத்தவர்.

கொரோனா சமயத்தில் திடல் களைகட்டியது. தள்ளித் தள்ளி நின்று ஆடலாம் என்பதால், பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த சேலத்துப் பிள்ளைகள் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜோடியாக ஆட ஆள் கிடைத்துவிடும் என்று இவர் காத்திருந்தார். கம்பெனி கூப்பிட்டதும் அவர்கள் போய்விட்டார்கள். அப்புறம் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தார்கள். மட்டையைப் பிடித்தார்கள், சிரித்தார்கள், பந்தைத் தொடவில்லை. இப்போது வருகிறவர்களை எண்ண ஒரு கை போதும்.

வருகிறவர்களும் நம் ஆட்கள்தானே! அடித்த பந்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததை அடிப்பதுதான் இந்த இடத்தின் முறை. ஒருவருக்கும் மனசு வருவதில்லை. ஒரு பந்து அடிப்பார்கள், உடனே எடுத்து வரக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். திருச்செங்கோட்டிலிருந்து வந்த யுவஸ்ரீ, புதுப்பெண், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினார். மோகன்குமார் தடுத்தபோது, "நல்ல பந்தை அப்படியே உட்டுப்போட்டு வாரதா? என்ன நாயமுங்க இது!" என்று அவரையே அதட்டினார்.

முதலில் பலகை எழுதி வைத்தார், விசில் ஊதினார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்களோடு தானும் நடக்கத் தொடங்கிவிட்டார். "நடக்கறதுதானுங்க ஆட்டமே. ஆனா பந்தைப் பொறுக்கிட்டுத் திரும்பிடறாங்க. கெடக்கற எடத்துலிருந்து மறுக்கா அடிக்கோணும்னு ஒருத்தருக்கும் தோண மாட்டீங்குது."

பண்ணையை இப்போது கவனித்துக்கொள்வது மனைவி சுகன்யா. "தோட்டம் வரைக்கும் நடங்கன்னா முட்டி வலிக்குதும்பாரு. அந்தக் காட்டுல மட்டும் வலிக்காதுங்க," என்கிறார் என்னிடம். அவரையும் ஆடக் கூப்பிட்டிருக்கிறார் மோகன்குமார். "கோழிக்கு யாரு தண்ணி பாக்கறது?" என்று சுகன்யா கேட்டதோடு பேச்சு முடிந்துவிட்டது.

நானும் ஆடிப் பார்த்தேன். மூன்று முறை காற்றை அடித்தேன், நான்காவதில் பந்து உருண்டு பாயின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. நடக்கும்படி ஆகவில்லையே என்று என்னைவிட அவருக்குத்தான் வருத்தம். எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு மனிதர் இத்தனை வயதில் துணைக்கு ஒரு ஆள் கேட்கிறார், அதுவும் சும்மா கூட நடக்க. அது கிடைக்கவில்லை.

சுகன்யாவின் தம்பி கந்தவேல், நான் இருக்கும்போதே அளவு டேப்போடு வந்தார். திடலில் வலை கட்டி, கிரிக்கெட் ஆடும் டர்ஃப் போடப் போகிறார்கள். மோகன்குமார் ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, போன வாரம்தான் சரி என்றிருக்கிறார். "பசங்க பூரா டர்ஃப்புக்குத்தான் போறாங்க மாமா. இனி எவன் இதை ஆடறான்?" என்றார் கந்தவேல். மோகன்குமார் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நின்றார்.

அளந்து முடித்து டேப்பைச் சுருட்டிய கந்தவேல், விளையாட்டாக ஒரு மட்டையை எடுத்து, பாயில் கிடந்த பந்தை ஓங்கி அடித்தார். பந்து எகிறிப்போய் நடுக்காட்டில் விழுந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. மட்டையைப் போட்டுவிட்டு, டேப்பும் கையுமாகப் பந்தை எடுக்கக் கிளம்பினார். மோகன்குமார் அந்த மட்டையைப் பொறுக்கிக்கொண்டு கூடவே நடந்தார். நானும் பின்னால் போனேன். கந்தவேல் வழியெல்லாம் வலையின் உயரம், விளக்குக் கம்பம் என்று பேசிக்கொண்டே போனார். மோகன்குமார் தலையை மட்டும் ஆட்டினார். கோரைக்குள் பந்து தெரிந்தது. கந்தவேல் குனிந்து கையை நீட்டினார்.

மோகன்குமார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையிலிருந்த டேப்பை மெதுவாக வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கையில் மட்டையைக் கொடுத்தார். பிறகு இரண்டடி தள்ளிப்போய், அவர் அடிக்கட்டும் என்று நின்றார்.