பூசாத தகடுகள்

என் தங்கை வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் எல்லோரும் சுரண்டியார் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் கப்பல்களின் அடியைச் சுரண்டியவர். கரையேற்றி நிறுத்திய கப்பலுக்குக் கீழே நின்றுகொண்டு, கல்லாய் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசுகளைப் பெயர்த்து எடுக்க வேண்டும். கொட்டலசு ஓட்டுக்குள் குடியிருக்கும் சின்னப் பிராணி. குஞ்சாக நீந்தி வந்து ஒரு இடத்தில் ஒட்டிவிட்டால் செத்தாலும் இடத்தை விடாது. அதைப் பெயர்க்கும்போது, அது ஒட்டாமலிருக்கப் பூசிய பழைய விஷப் பெயிண்டும் தூளாக உதிரும். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கதவில் காய்ந்துபோன பெயிண்ட் சொட்டை நகத்தால் பெயர்த்துவிட்டுத்தான் உட்காருவார். "மாப்பிள்ளை, கதவை மட்டும் விட்டுடுங்க, மழை வந்தா சாத்தணும்" என்பேன். சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும்.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் அந்தத் தூளை இழுத்தீங்கன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்லை" என்றார். அன்று என் தங்கை அழுத அழுகையைப் பார்த்துத்தான், நான் குமாஸ்தாவாக இருந்த கடல் ஆராய்ச்சி நிலையத்தில் யார் யார் காலிலோ விழாத குறையாக அவருக்கு ஒரு வேலை வாங்கினேன். படகு ஓட்டணும், கயிறு இழுக்கணும், தொட்டி கழுவணும். ஆராய்ச்சி நடக்கும்வரைதான் வேலை. அது நின்றால் மறுபடி கப்பலடிதான். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஆராய்ச்சி எங்கள் மேடத்துடையது. கடற்பஞ்சைப் பற்றி. பழைய படகுத்துறைத் தூண்களில் மஞ்சளாய் ஒட்டி வளரும். தூண் முழுக்கக் கொட்டலசு அப்பியிருக்கும், பஞ்சின் மேல் மட்டும் ஒன்றுகூட இருக்காது. மாப்பிள்ளைக்கு இது ஆறவே இல்லை. "இதுக்கு ஓடு இல்ல, முள்ளு இல்ல, ஓடி ஒளியக்கூடத் தெரியாது. எப்படிம்மா ஒரு பய கிட்ட வர மாட்டேங்கறான்?" என்று மேடத்தையே கேட்டார்.

"அதுமேல கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியிருக்குங்க. அதுங்க விடற ஏதோ ஒரு பொருள் இந்தக் குஞ்சுகளுக்கு ஆகாது. உக்கார வந்ததும் வேற இடம் பாத்துப் போயிடும். எதையும் கொல்லாம இதைக் கப்பலுக்குப் பூச முடிஞ்சா, உங்க பழைய வேலையே யாருக்கும் தேவைப்படாது."

"குடக்கூலிக்கு இருக்கறவன் வீட்டுக்குக் காவலும் காக்கறானா! மச்சான், உங்க மாடியில குடியிருக்கறவனுக்குச் சொல்லுங்க" என்று என்னிடம் வந்து சிரித்தார். அன்று இருமல் வரவில்லை. அங்கே வேலை பார்த்த ஒன்பது மாதமும் அவர் நன்றாகத்தான் இருந்தார். என் தங்கை முகத்திலும் களை வந்தது.

ஆராய்ச்சிக்காகக் கடலில் கட்டியிருந்த மிதவைக்கு அடியில் பன்னிரண்டு தகடுகள் தொங்கின, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஆறில் அந்த பாக்டீரியா கலந்த பசை. ஆறில் வெறும் பசை. பாக்டீரியா பூசிய தகடுகள் வழவழவென்று இருந்தன. அது பூசாதவற்றில் கொட்டலசு அடை அடையாக ஏறியிருந்தது. அந்த வித்தியாசம்தான் ஆராய்ச்சியே. இதை நான் அறிக்கையில் நாலு முறை டைப் அடித்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் இடத்தில் சட்டை கசங்காதவர்களுக்குத்தான் விளக்கம் சொல்வார்கள். மேடம் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "வழவழன்னு இருக்கற தகட்டைக் கையால தொட்டுடாதீங்க."

அவர் என்ன நினைத்தார் தெரியுமா? பன்னிரண்டில் ஆறு மேடத்துக்குத் தோற்றுப்போய்விட்டது என்று நினைத்தார். மாதாமாதம் கயிறு இழுத்துக் காட்டும்போதெல்லாம் அந்த ஆறையும் பார்த்து மனசுக்குள் வருத்தப்பட்டிருக்கிறார். பாவம், அந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டும் பாதி கெட்டுப்போச்சே என்று.

ஆராய்ச்சியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்கக் குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம். நான் நாற்காலி கணக்கில் மண்டை காய்ந்துகொண்டிருந்தேன். அழுக்கு என்று ஒன்று கண்ணில் படக் கூடாது என்று எல்லோரையும் விரட்டினேன். அவர் கதவருகே வந்து நின்றார்.

"மச்சான், மிதவையில அந்த ஆறு தகடு ரொம்ப மோசமா கெடக்கு. அதையும் சுத்தம் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்க, பண்ணுங்க. எல்லாத்தையும்தான் சொன்னேனே" என்றேன். தலையைத் தூக்கக்கூட இல்லை.

வழவழவென்றிருந்த தகடு ஒன்றையும் அவர் தொடவில்லை. சொன்ன சொல் தவறாதவர். மற்ற ஆறையும் இருபத்திரண்டு வருஷக் கை சுரண்டியது. கீறல்கூட இல்லை.

மறுநாள் குழுவுக்கு முன்னால் கயிற்றை அவரே இழுத்தார். பன்னிரண்டும் பளபளவென்று மேலே வந்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மேடம் ஒவ்வொரு தகடாகத் திருப்பிப் பார்த்தார். மாதாமாதம் எடுத்த படங்களைக் காட்டினார். குழுத் தலைவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு தடவை கை வச்சிருக்காங்க. முன்னாடி வைக்கலைன்னு நாங்க எப்படி நம்பறது?"

அவர்கள் போன பிறகு மேடம் மிதவையிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை மாப்பிள்ளைக்கு விளக்கியதும் அங்கேதான். அவர் தான் சுரண்டிய ஆறு தகடுகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"யார் சொல்லி செஞ்சீங்க?" என்றார் மேடம்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

"யாரும் சொல்லலைம்மா. நானாத்தான் செஞ்சேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அதற்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். மேடம் வேறு ஊருக்குப் போனார். மாப்பிள்ளை கப்பலடிக்குப் போனார். டாக்டர் சொன்ன கெடுவைவிட இரண்டு மாதம் கூடவே தாங்கினார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவரால் பேச முடியவில்லை. மூக்கில் குழாய். என் தங்கை அவர் காலைத் துடைத்துக்கொண்டே என்னிடம் புலம்பினாள். "நீ எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்த வேலைண்ணா. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா? யாரையும் கேக்காம இவரா கையை வச்சுக் கெடுத்துக்கிட்டாரே."

அவளிடமும் சொல்லவில்லை அவர். என் முகத்தைப் பார்க்காமல், ஆமாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

நானும் ஆட்டினேன்.