காலண்டர் ஆல்பத்தில் ஒரு கேலிப்படம்

சிவகாசிக்கு எல்லோரும் பட்டாசு வாங்கப் போவார்கள். நான் காலண்டர் பார்க்கப் போனேன். 2007, ஆடிப்பெருக்கு. அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை அங்கே அன்றுதான் பூஜை போட்டு வெளியிடுவார்கள். என்னோடு படித்த செல்வராணியின் அப்பா அச்சகம் நடத்துகிறார். அந்த வருடம் படங்களைத் தேர்ந்தெடுத்தவள் அவள். "வந்து பக்கத்துல நில்லு, பயமா இருக்கு" என்று போன் செய்திருந்தாள்.

விருதுநகரிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர். ஏழே காலுக்குப் பஸ், டிக்கெட் பத்து ரூபாய், திருத்தங்கல் வழியாக ஒரு மணி நேரம். இடது பக்க ஜன்னலுக்கு ஆசைப்பட்டு வெயிலில் வெந்தேன். நீங்கள் வலது பக்கம் உட்காருங்கள்.

முருகன், லட்சுமி, கொழுகொழு குழந்தைகளுக்கு நடுவில் ஒரு பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் கேலிப்படத்தையும் நுழைத்திருந்தாள். ஓவியக் கண்காட்சி. பொய்முடி வைத்த ஒரு கனவான் பூதக்கண்ணாடியும் கையுமாக ஓவியத்தை முட்டிக்கொண்டு நிற்கிறார். விசிறிக்காரச் சீமாட்டி, தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறாள். ஓவியத்தை முழுசாகத்தான் ஒருவரும் பார்க்கவில்லை! இதற்கு ஒரு ஆர்டராவது வராவிட்டால், அடுத்த வருடம் படம் பக்கமே வரக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைகளுக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் டீலர்கள் வந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த மூத்த டீலர், அச்சைச் சோதிக்கும் லென்ஸை எடுத்து அந்தப் படத்தின் மேலேயே வைத்தார். "புள்ளி சுத்தமா விழுந்திருக்கு. கலர் தூக்கலு" என்றார். பின்னால் நின்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள். செல்வராணிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவள் அப்பா முகம் கறுத்தது.

"என்ன தாயி சிரிப்பு?"

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி. படத்துல இருக்கவரும் ஒங்கள மாதிரியேதான் நிக்காரு."

அவர் லென்ஸை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். கனவானைப் பார்த்தார், பின்னால் நின்ற நால்வரையும் பார்த்தார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஏலே, நம்மளயில்லா வரைஞ்சிருக்கான்! எங்கூர்ல மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரு ஒருத்தரு, எம்புட்டு வருசம்தான் இயற்கைக் காட்சியே போடுவீகன்னு சடைக்காரு. அவருக்கு இத ஆயிரம் போடு தாயி."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஓவியத்தின் முன் வேஷம் போடாதவர் யார்? தன் வேஷத்தைப் பார்த்துத் தானே சிரிப்பவரை அன்றுதான் நேரில் கண்டேன்.

போக நினைப்பவர்கள் தெரிந்த அச்சகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் போனால் சர்க்கரைப் பொங்கலும் உண்டு. டீலர்கள் பேசும்போது குறுக்கே புகாதீர்கள். அவர்களுக்கு அது வியாபாரம்.

திரும்பி விருதுநகரில் இறங்கும்போது செல்வராணியின் போன். குரல் உடைந்திருந்தது, அழுகிறாளோ என்று பதறிவிட்டேன். சிரிப்புதான்.

"அப்பா இப்பதான் கண்ணாடி போட்டு அந்தப் படத்தப் பாத்தாருடி. இந்த மாதிரி இன்னும் எத்தன வச்சிருக்கன்னு கேக்காரு!"