ஜெயசித்ராவின் நாலாவது கோடு

என் மனைவி ஜெயசித்ரா விமானம் ஓட்டுகிறவள். இதைச் சொன்னால் அரியூரில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர், "அப்ப நீ இன்னா பண்ற?" என்று கேட்பார்கள். நான் அங்கே ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவன். பெயர் டேனியல். அவளைப் பற்றி எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நடந்தது முழுக்கத் தெரிந்தவன் நான்தான், அதனால் எழுதுகிறேன்.

அவளுடைய அம்மா காசம்மாள் வில்லியனூர்ப் பக்கம் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் பிழைத்தவர். களத்தில் கூலி நெல் அளக்கும்போது மற்றவர்கள் முண்டியடிக்க, அத்தை மட்டும் தள்ளி நிற்பாராம். கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்குவார். கூப்பிடவில்லையென்றால் மறுநாள் அந்த வயல் பக்கமே போகமாட்டார். வாய் திறந்து கேட்க மட்டும் மாட்டார். இந்த வீம்பு அப்படியே மகளுக்கும் வந்திருந்தது. பைலட் படிப்பையும் லைசென்ஸையும் அவள் எப்படி முடித்தாள் என்பது தனிக்கதை. யார் வாசலிலும் போய் நிற்காமல் முடித்தாள், அவ்வளவு போதும்.

வேலை ஒரு சின்ன கம்பெனியில் கிடைத்தது. எழுபது பேர் உட்காருகிற, இறக்கையில் விசிறி வைத்த விமானங்கள். அவள் கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரும் ஃபர்ஸ்ட் ஆபீசர். தோளில் மூன்று கோடு. கேப்டனுக்கு நாலு. அந்த நாலாவது கோட்டுக்குப் போவதை 'கமாண்ட்' என்பார்கள். பறந்த மணி நேரம் சேர வேண்டும், தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிறகு சீனியாரிட்டி லிஸ்டில் முறை வர வேண்டும். டூட்டி தொடங்குகிற ஊருக்கு 'பேஸ்' என்று பெயர். அவளுக்கு சென்னை. பம்மலில் இரண்டு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். லீவு கிடைத்தால் பஸ் பிடித்து வருவாள். எவ்வளவு அலுப்பாக வந்தாலும் மகள் சுகன்யாவுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் உட்காருவாள்.

ஏழு வருஷம் காத்திருந்தாள். ஒரு தரம் முறை வரப்போகிற நேரத்தில் விமானங்களைக் குறைத்தார்கள். இன்னொரு தரம் வேறு பேஸிலிருந்து சீனியர் ஒருவர் மாற்றலாகி வந்து அவளுக்கு முன்னால் நின்றார். அவள் யாரிடமும் முறையிடவில்லை. புத்தகங்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவளுக்கு அந்தக் கமாண்டைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஆசையே கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, சுகன்யாவின் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை வீட்டு லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தேன். ஜெயசித்ராவின் மெயில் திறந்தே கிடந்தது. கம்பெனியிலிருந்து புதிதாக ஒன்று வந்து விழுந்தது. கமாண்ட் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முடிந்ததும் பேஸ் கவுகாத்தி. மூன்று வருஷத்துக்கு மாற்றல் கேட்கக்கூடாது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

அவள் அப்போது பறந்துகொண்டிருந்தாள். அன்று அவளுக்கு நாலு ஃப்ளைட்.

புள்ளைக்கு அம்மா வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய். புள்ளையை அத்தை வளர்த்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஏற்கெனவே தெருவில் எனக்குப் 'பைலட்டம்மா வூட்டுக்காரன்' என்றுதான் பெயர். அவள் கேப்டனாகி அவ்வளவு தூரம் போய்விட்டால் நான் எதற்கு? அந்த மெயிலை அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் தேடி அழித்தேன். பிறகு சுகன்யாவின் படிவத்தைத் தேடி எடுத்தேன், பாவி.

அடுத்த வாரம் வந்தவள், லிஸ்டில் தனக்குக் கீழே இருக்கிற அருள்முருகனுக்குக் கமாண்ட் வந்துவிட்டதாகச் சொன்னாள். ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுப் பார் என்று எந்தப் புருஷனும் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. அவள் கேட்கமாட்டாள் என்று தெரியும், அந்தத் தைரியத்தில்தான் செய்ததே.

"எங்கிட்ட இன்னா கொறன்னு தெர்ல" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

பதினொரு மாதம் போனது. கம்பெனி விசிறி விமானங்களையெல்லாம் வாடகைக்குக் கொடுத்தவர்களிடமே திருப்பிவிட்டு ஜெட் விமானத்துக்கு மாறியது. கேப்டன்களுக்கு ஜெட் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அருள்முருகன் தப்பித்தான். ஜெயசித்ரா முப்பதில் ஒருத்தி ஆனாள்.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, வாழ்க்கையில் முதல் தரமாக வாய் திறந்து கேட்டிருக்கிறாள், எனக்கு ஏன் கமாண்ட் தரவில்லை என்று. அந்த அதிகாரி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார். அனுப்பிய தேதி இருந்தது. மெயில் திறக்கப்பட்ட நேரம் காலை ஒன்பது பத்து என்று இருந்தது. பதில் இல்லை. அந்த நேரத்தில் அவள் எந்த விமானத்தில் இருந்தாள் என்பது அவளுடைய லாக் புக்கில் எழுதியிருக்கிறது.

நான் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த மெயிலை நீதான் திறந்தாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திட்டுவாள், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் தேவலை.

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நின்னுருப்பேன்" என்றாள். "உனுக்காக நின்னுருப்பேன். நீ கேக்கவே இல்லியே."

உள்ளே இருந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. சோறு மட்டும் போட்டார்.

மூன்று மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்கிறவளுக்கு லிஸ்டில் கடைசி இடம். இந்த முப்பத்தாறு வயதில் மறுபடியும் முதலிலிருந்து ஃபர்ஸ்ட் ஆபீசர். பேஸ் அதே கவுகாத்தி. சுகன்யாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று பெட்டிகளையெல்லாம் நான்தான் காரில் ஏற்றினேன். சுகன்யாவும் அத்தையும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் ஏறப் போகும்போது எனக்குத் தாங்கவில்லை. டிரைவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போவாத ஜெயா. இங்கியே இரு."

வேலை போன அன்றுகூட அழாதவள் அப்போது அழுதாள். "இப்ப வந்து கேட்டா நான் இன்னாப்பா பண்ணுவேன்" என்றாள். அழுதுகொண்டேதான் காரில் ஏறினாள்.